நகரத்தைக் கலைத்தால் நரகம் வருமா? தமிழ்ப் புதிர்க் குறுக்கெழுத்தில் நேர்மை குறித்து ஒரு கேள்வி

கேள்வி: திருவரங்கத்து வாசகி

அனைவருக்கும் வணக்கம். பதினெட்டு ஆண்டுகளாக 'தி இந்து' ஆங்கில நாளிதழின் புதிர்க் குறுக்கெழுத்தை ('கிரிப்டிக் கிராஸ்வேர்ட்') நாள் தவறாமல் போட்டு வருகிறேன். காலையில் நாளிதழ் வந்ததும் அந்தப் பக்கத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டால், அலுவலகப் பேருந்து காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் ஏழெட்டுக் குறிப்புகளுக்காவது விடை கிடைத்துவிடும். மீதியை மதிய உணவு வேளையில் போடுவேன். அன்று போடமுடியாமல் போனவற்றை, மறுநாள் வரும் விடைகளோடு ஒப்பிட்டு, ஏன் அந்த விடை வந்தது என்று புரியும்வரை விடுவதில்லை.

என் தந்தையார் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். வயது 79. நான் ஒரு குறிப்போடு மல்லுக்கட்டுவதைப் பல ஆண்டுகளாக எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், சென்ற ஆண்டு ஒருநாள், "இதில் என்னதான் இருக்கிறது, எனக்கும் சொல்" என்று கேட்டார். தமிழ் வார இதழ்களில் வரும் குறுக்கெழுத்துகளை அவர் காப்பி ஆறுவதற்குள் முடித்துவிடுவார். அவற்றில் சொல்லுக்குப் பொருள் கேட்பார்கள். சற்றுக் கடினமாக்க வேண்டுமென்றால் வலமிருந்து இடமாக எழுதச் சொல்வார்கள், அல்லது 'கலைந்துள்ளது' என்று குறிப்பிடுவார்கள். எழுத்து கலைந்திருப்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட்ட பிறகு தேடுவதற்கு அங்கே ஒன்றும் இருப்பதில்லை. ஆங்கிலப் புதிரில் அதே செய்தி ஒரு சாதாரண வாக்கியத்துக்குள் மறைந்து நிற்கிறது என்பதை அவருக்கு விளக்குவதற்காக, நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்புறத்தில் தமிழில் ஒரு குறிப்பை எழுதிக் கொடுத்தேன். வாக்கியத்தின் ஒரு பகுதி விடையின் பொருளைச் சொல்லும், மறுபகுதி அதன் எழுத்துகளைத் தரும்; அடைப்புக்குறிக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை.

'நிறைய உறைப்புச் சேர்ந்த தீபாவளித் தின்பண்டம் (5)'

அவர் முதலில் தின்பண்டங்களின் பெயர்களாக எழுதிப் பார்த்தார். முறுக்கு, அதிரசம், ஓமப்பொடி என்று ஒரு பட்டியல் நீண்டது. பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறிது நேரம் கழித்துப் 'பலகாரம்' என்று எழுதி, 'பல' என்பதற்கும் 'காரம்' என்பதற்கும் நடுவே ஒரு செங்குத்துக் கோடு போட்டார். அந்தக் கோட்டைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அன்றிலிருந்து நாள்தோறும் நான்கு குறிப்புகள் எழுதித் தருகிறேன்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். சென்ற வாரம் இப்படி ஒன்று எழுதினேன்:

'நகரத்தைக் கலைத்தால் பாவிகள் போய்ச்சேரும் இடம் (4)'

'நகரம்' என்பதன் எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் 'நரகம்' வரும். அப்பா விடையைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் குறிப்பை ஏற்க மறுத்துவிட்டார். "இந்தத் தாளில் மகர மெய் எங்கே இருக்கிறது, காட்டம்மா" என்றார். நகரம், அத்து, ஐ என்று பிரித்துக்கொள்ள வேண்டியதுதானே, அது தமிழ் தெரிந்த எவருக்கும் தெரியுமே என்று வாதாடினேன். "பிரித்து, பழைய வடிவத்துக்குக் கொண்டுபோய், அதன்பிறகு கலைக்க வேண்டுமென்றால் நீ இரண்டு வேலை சொல்கிறாய், எழுதியிருப்பது ஒரு வேலை மட்டுமே" என்றார்.

அவர் சொல்வதை ஒப்புக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்பு நான் எழுதிய வேறொரு குறிப்பை, 'மலரும் ஆட்சியும் சேர, சிறுவர் பீப்பி ஊத இலை தரும் மரம் (4)' என்பதை, அவர் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டிருந்தார். பூ, அரசு, பூவரசு. அங்கேயும் சேர்க்கும் சொற்களில் வகரம் இல்லை, அகரம்தான் இருக்கிறது. ஓரிடத்தில் புணர்ச்சி செல்லும், இன்னோரிடத்தில் செல்லாது என்றால் வேறுபாடு எங்கே இருக்கிறது? ஆங்கிலத்தில் பழகிய எனக்கு இது பிடிபடவில்லை. ஒளிந்திருக்கும் சொற்களிலும் இதே ஐயம் உண்டு. 'பணம் அலையாய்ப் புரள்கிறது' என்ற தொடருக்குள் 'மலை' ஒளிந்திருப்பதாகக் கொள்ளலாமா? தமிழில் புதிர் அமைப்பவர்களும் போடுபவர்களும் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: மயிலைக் கட்டம்

சகோதரிக்கு வணக்கம். தங்கள் தந்தையாரின் பக்கம்தான் நான் நிற்கிறேன். அதற்கான காரணத்தை ஆங்கிலப் புதிரின் வரலாற்றிலிருந்தே சொல்ல முடியும்.

அந்த நாளிதழின் குறுக்கெழுத்தை நான் பள்ளி நாள்களிலிருந்து போடுகிறேன். என் தந்தையார் பேனாவால் நிரப்ப, அவர் அலுவலகம் சென்ற பிறகு மீதமுள்ள வெற்றுக் கட்டங்களில் நான் பென்சிலால் எழுதிப் பார்ப்பேன். அப்போது அதை அமைத்துத் தந்தவர் அட்மிரல் ராம்தாஸ் கட்டாரி. செங்கல்பட்டில் பிறந்தவர், இந்தியக் கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர். 1971-இல் தொடங்கி 1983-இல் மறையும் வரை அந்தப் பணியைச் செய்தார். இன்று புனைபெயர்களுக்குப் பின்னால் நின்று பலர் முறைவைத்து அமைக்கிறார்கள். யாருடைய நாள் என்று பெயரைப் பார்த்ததுமே, இன்று எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நாம் மனத்துக்குள் கணக்குப் போட்டுவிடுகிறோம் அல்லவா? அந்த நம்பிக்கைக்கு அடிப்படை, ஒவ்வோர் அமைப்பாளரும் சில நெறிகளை மீறமாட்டார் என்பதுதான்.

அந்த நெறிகளை வகுத்துத் தந்தவர்களில் இருவரை இங்கே சொல்ல வேண்டும். 'அஃப்ரித்' என்ற புனைபெயரில் எழுதிய ஏ. எஃப். ரிச்சி 1949-இல் ஒரு விதியை எழுதிவைத்தார். அமைப்பாளர் மேலோட்டமாகச் சொல்வது அவர் கருதும் பொருளாக இல்லாமல் போகலாம். ஆனால் அவர் கருதும் பொருள் அவருடைய சொற்களில் கட்டாயம் இருந்தாக வேண்டும். அதாவது, வாசகரைத் திசை திருப்பலாம், ஏமாற்றக் கூடாது. பின்னர் 'ஸிமெனீஸ்' என்ற பெயரில் இலண்டன் 'அப்சர்வர்' இதழுக்குப் புதிர் அமைத்துவந்த டி. எஸ். மக்நட், 1966-இல் இந்தக் கலை குறித்து ஒரு நூலே எழுதினார். அவருடைய நெறிகளில் ஒன்று, கலைக்க வேண்டிய எழுத்துகள் வாசகரின் கண் முன்னால் இருக்க வேண்டும் என்பது. ஒரு சொல்லைக் கொடுத்து, அதற்கு நிகரான வேறொரு சொல்லை ஊகிக்கச் சொல்லி, ஊகித்ததைக் கலைக்கச் சொல்வது முறையற்றது. தங்கள் தந்தையார் "இரண்டு வேலை சொல்கிறாய்" என்றது அச்சு அசலாக அந்த நெறியேதான். ஆங்கிலப் புதிரையே போட்டறியாத ஒருவர் தம் சொந்த நியாய உணர்விலிருந்து அங்கே வந்து சேர்ந்திருக்கிறார் என்பது எனக்குப் பெரும் வியப்பாக இருக்கிறது.

ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் எழாததற்குக் காரணம், அந்த மொழியில் பெயர்ச்சொல் வேற்றுமைக்கு ஏற்ப உருமாறுவதில்லை. 'சிட்டி' என்பதற்கு முன் 'இன்' வந்தாலும் 'ஆஃப்' வந்தாலும் அந்தச் சொல்லின் நான்கு எழுத்துகள் அப்படியே நிற்கும். தமிழில் உருபு சொல்லின் வாலைப் பிடித்துக்கொள்கிறது. மகரத்தில் முடியும் சொல்லாக இருந்தால் வாலையே மாற்றிவிடுகிறது.

பூவரசைப் பற்றி எனக்கு வேறொரு மனக்குறை உண்டு. அந்த மரத்தின் பெயரே பூவும் அரசும் சேர்ந்ததுதான். ஏற்கெனவே இருக்கும் தையலைப் பிரித்துக் காட்டுவதில் புதிர் என்ன இருக்கிறது? பலகாரத்தில் தாங்கள் செய்தது உயர்வானது. அந்தச் சொல்லை நாள்தோறும் உச்சரிக்கும் நமக்கு அதற்குள் ஒரு 'காரம்' இருப்பது அதுவரை தோன்றியிருக்காது.

பதில்: யாப்பு நெஞ்சம்

மதிப்பிற்குரிய வாசகிக்கும் மயிலைப் பெரியவருக்கும் வணக்கம். நான் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். ஆங்கிலக் குறுக்கெழுத்தில் எனக்குப் பழக்கமில்லை. ஆனால் இங்கே பேசப்படும் பொருள் தமிழுக்கு வெளியிலிருந்து வந்ததைப் போல உரையாடல் போவதால் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல், சொல்லணியியலில் சித்திரகவி என்னும் எழுத்து விளையாட்டுச் செய்யுள் வகைகளைப் பட்டியலிடுகிறது. மாலைமாற்று, காதைகரப்பு, கரந்துறைச் செய்யுள், அக்கரச்சுதகம், வினாவுத்தரம் ஆகியவை அவற்றுள் சில. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வருவது மாலைமாற்று. ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் வேறொரு செய்யுளை ஒளித்துவைப்பது கரந்துறைச் செய்யுள். ஒரு சொல்லிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக நீக்க நீக்க வேறு வேறு பொருள் வருவது அக்கரச்சுதகம். தாங்கள் ஆங்கில நாளிதழில் நாள்தோறும் தேடும் வகைகளே இவை.

தங்கள் கேள்விக்கு நேரடியாக உதவுவது வினாவுத்தரம். அதற்குக் காட்டப்படும் பழைய மேற்கோள் வெண்பா ஐந்து வினாக்களைக் கேட்கிறது. பூமகள் யார்? திரு. புறப்பட்டு நிற்பவனை அனுப்புகிறவன் என்ன சொல்வான்? ஏகு. போரில் எய்யும் சரத்துக்குப் பெயர் என்ன? அம்பு. அழகுக்குப் பெயர் என்ன? அம். பிறைசூடிய பெருமான் உவந்து உறையும் இடம் எது? முதல் நான்கு விடைகளையும் சேர்த்தால் ஐந்தாவதற்கு விடை கிடைக்கிறது: காஞ்சிபுரத்துத் திருவேகம்பம். முன்னே சொல்லின் உறுப்புகள், இறுதியில் முழுச்சொல்லின் நேர்ப்பொருள். தங்கள் 'நிறைய உறைப்பு' குறிப்பின் அமைப்பும் இதுவேதான்.

இதில் புணர்ச்சியைக் கவனியுங்கள். திரு, ஏகு, அம்பு, அம் என்று தனித்தனியே எண்ணினால் ஒன்பது எழுத்துகள். சேர்ந்த பிறகு ஏழுதான். நடுவே ஒரு வகர உடம்படுமெய் வந்திருக்கிறது. ஏகு, அம்பு இரண்டின் இறுதி உகரமும் கெட்டிருக்கிறது. செய்யுளை இயற்றியவர் இதற்காக எந்த மன்னிப்பும் கோரவில்லை. கேட்பவருக்குத் தமிழ் தெரியும், சேர்த்துச் சொல்லும்போது தானே அப்படித்தான் வரும் என்று விட்டுவிட்டார். மயிலைப் பெரியவர் சொன்ன தையல் கணக்கிலும் இந்த வெண்பா தேறிவிடும். திருவேகம்பத்தில் இயல்பாக உள்ள பிரிவு திரு, ஏகம்பம் என்பது. ஏகம்பத்தை 'ஏகு, அம்பு, அம்' என்று வெட்டியது புலவரின் கைத்திறம்.

ஆகவே பூவரசு செல்லும். அப்படியானால் நகரத்தை ஏன் செல்லாது என்ற கேள்வி நிற்கிறது. என் விடை இது: உறுப்புகளைச் சேர்க்கும்போது புணர்ச்சி முன்னோக்கி நடக்கிறது. 'பூ'வும் 'அரசு'ம் சேர்ந்தால் பூவரசு என்ற ஒரே வடிவம்தான் வரும். நகரத்தை என்பதிலிருந்து நகரத்துக்குப் போவதோ பின்னோக்கிய நடை. பின்னோக்கிப் போகும்போது பல சொற்களில் பாதை இரண்டாகப் பிரிந்துவிடும். 'காலைக் கலைத்தால்' என்று எழுதினால் கலைக்க வேண்டியது காலா, காலையா? கடலை என்றால் கடலோடு சேர்ந்த ஐயா, வறுத்துத் தின்னும் பயறா? வேலை, மாலை எல்லாம் இப்படிப்பட்டவையே. நகரத்தை என்பதில் அந்த மயக்கம் இல்லை என்று தாங்கள் சொல்லலாம். ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரு நீதி, இன்னொரு சொல்லுக்கு வேறு நீதி என்று வைத்துக்கொண்டால் போடுபவர் எதை நம்பித் தொடங்குவார்?

'பணம் அலையாய்' குறித்தும் ஒரு சொல். 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே' என்ற நன்னூல் நூற்பாவை நம்பித்தான் தாங்கள் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சேர்த்து உச்சரித்தால் 'மலை' காதில் விழத்தான் செய்கிறது. ஆனால் ஒளித்து வைப்பது கண்ணுக்கான விளையாட்டு. திருஞானசம்பந்தர் 'யாமாமாநீ' என்று தொடங்கும் மாலைமாற்றுப் பதிகத்தில் உயிர்மெய்யை ஒரே எழுத்தாக வைத்தே திருப்புகிறார். மகர மெய் வேறு, ஆகாரம் வேறு என்று உடைப்பதில்லை. எழுதியிருப்பது எப்படி நிற்கிறதோ அதுவே அங்கே அளவு. தாங்கள் 'பணமலையாய்' என்று சேர்த்தே எழுதினால் மலை உள்ளே இருக்கிறது. பிரித்து எழுதினால் இல்லை.

மறுமொழி: திருவரங்கத்து வாசகி

இருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இரண்டு பதில்களையும் அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். திருவேகம்ப வெண்பாவின் குறிப்பைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, முழுவதையும் நினைவிலிருந்தே சொன்னார். முப்பத்தைந்து ஆண்டு பாடம் நடத்தியபோது அது தேர்வுக்கு வரும் பகுதியாகவே இருந்தது என்றும், இப்படி ஒரு காலைப்பொழுதில் பயன்படும் பொருளாக அதை ஒருநாளும் நினைத்ததில்லை என்றும் சொன்னார். பிறகு சற்று நேரம் பேசவில்லை.

கொள்கை விளங்கிவிட்டது. ஆனால் கையில் இருக்கும் வேலை அப்படியே நிற்கிறது. உருபு ஒட்டாமல் தமிழில் ஒரு வாக்கியத்தை எப்படி இயல்பாக எழுதுவது? 'நகரம் கலை' என்று மொட்டையாக எழுதினால் அது தமிழாகவே இல்லை. பார்த்தவுடன் இது கலைக்கும் குறிப்பு என்று தெரிந்தும் விடுகிறது. இன்னொன்று, நான்கு குறிப்புகளை ஒன்றோடொன்று பின்னி ஒரு சிறு கட்டமாக்கித் தர வேண்டும் என்று அப்பா கேட்கிறார். மூன்று நாள்களாக முயல்கிறேன், கட்டம் அமையவில்லை.

பதில்: கட்டம் அமைப்பவன்

வணக்கம். எங்கள் ஊர்ச் சங்கத்தின் மாத மலருக்கு ஆறு ஆண்டுகளாகத் தமிழில் புதிர்க் குறுக்கெழுத்து அமைத்து வருகிறேன். தங்கள் தந்தையார் எழுப்பிய அதே தடையில் முதல் ஆண்டு முழுதும் நானும் முட்டிக்கொண்டேன். எனக்குக் கிடைத்த வழி எளிமையானது: கலைக்க வேண்டிய சொல்லை எழுவாயாக்கிவிடுங்கள். எழுவாய்க்கு உருபு கிடையாது. நாம் நகரத்தைக் கலைக்க வேண்டாம்; நகரம் தானே கலையட்டும்.

'நகரம் குழம்பிப்போனால் பாவிகள் போய்ச்சேரும் இடம் (4)'

நான்கு எழுத்தும் தாளில் இருக்கின்றன, வாக்கியமும் இயல்பாக இருக்கிறது. செயப்படுபொருளாகச் சொல்லை வைக்கும் பழக்கம் நமக்கு ஆங்கிலப் புதிரிலிருந்து ஒட்டிக்கொண்டது. 'இதைக் கலை, அதைத் திருப்பு' என்று வாசகருக்குக் கட்டளையிடும் நடை அது. தமிழில் தன்வினையாக எழுதினால், குழம்பும், உடையும், தடுமாறும், சிதறும், புரளும் என்று எத்தனையோ வினைகள் நமக்காகக் காத்திருக்கின்றன.

ஒன்றுக்குள் ஒன்றை நுழைக்கும் குறிப்புக்கும் இதுவே வழி. 'பணத்துக்குள்' என்று எழுதினால் மகரம் போய்விடும். அதற்குப் பதிலாக இப்படி எழுதினேன்:

'யமன் தலையைப் பணம் விழுங்கினால் யாத்திரை (4)'

பணம் எழுவாய் என்பதால் முழு வடிவில் நிற்கிறது. யமனுடைய தலை 'ய'. பணம் அதை விழுங்கினால் பயணம். யமனுக்கும் உருபு சேரவில்லை என்பதைப் பாருங்கள். 'யமன் தலை' என்பது ஆறாம் வேற்றுமைத் தொகை. உருபு மறைந்து நிற்க இலக்கணமே இடம் கொடுக்கும்போது நாம் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். மகரத்தில் முடியும் சொற்களுக்கு மட்டும் இது உதவாது. மரமும் கிளையும் சேர்ந்தால் மரக்கிளை ஆகி, அங்கேயும் மகரம் போய்விடுகிறது.

மேலிருந்து கீழாக எழுதும் விடைகளுக்குத் தமிழ் தரும் வசதியையும் சொல்ல வேண்டும். 'மலையுச்சியில் வெள்ளைக்கார அதிகாரி, வைகைக் கரையில் ஊர் (3)' என்று ஒருமுறை எழுதினேன். மலையின் உச்சி 'ம', அதற்குக் கீழே 'துரை'. விடை செங்குத்தாக நிற்கும்போது மகரம் உண்மையிலேயே உச்சியில் இருக்கும். இதே குறிப்பை இடமிருந்து வலமாக வைத்தால் விடை வரும். ஆனால் அந்த அழகு வராது.

இனிக் கட்டம். ஆங்கிலத்தில் 26 எழுத்துகளை வைத்து 15-க்கு 15 கட்டத்தை நெருக்கமாகப் பின்ன முடிகிறது. நம்மிடம் இருப்பவை 247. இரண்டு தமிழ்ச் சொற்கள் ஒரே எழுத்தில் சந்திப்பது அதனாலேயே அரிது. தாங்கள் மூன்று நாள் முயன்றதில் வியப்பில்லை. எனக்கு ஒரு சிறு கட்டத்துக்கே ஒரு வாரம் பிடிக்கிறது. 9-க்கு 9 போதும். அதிலும் சந்திப்புகள் குறைவாக இருந்தால் குறையில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மெய்யெழுத்து தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. குறுக்கே போகும் சொல்லின் புள்ளி எழுத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு சொல்லைத் தொடங்க முயன்றால் கட்டம் அங்கேயே நின்றுவிடும். புள்ளி எழுத்துகள் மற்ற சொல்லின் நடுவிலோ இறுதியிலோ சந்திக்குமாறு முதலில் அமைத்துவிட்டு, மற்றவற்றைப் பிறகு நிரப்புங்கள். மகரமும் னகரமும் சொல்லின் இறுதியில் மிகுதியாக வருவதால், இரண்டு சொற்களை இறுதி எழுத்தில் சந்திக்கவிடுவது கைகொடுக்கும்.

போடுபவருக்கும் அந்தப் புள்ளி எழுத்து பெரிய துணை. ககர, சகர, தகர, பகர மெய்களுக்குப் பிறகு அதே வரிசை எழுத்துதான் வரும் என்று மெய்ம்மயக்கத்தில் படித்திருக்கிறோம். நான்காம் கட்டத்தில் 'க்' விழுந்தால் ஐந்தாம் கட்டம் ககர வரிசையில் ஓர் எழுத்து. 247-இல் 12 மட்டுமே மிச்சம். 'ற்' விழுந்தால் றகரமோ, ககர, சகர, பகரங்களில் ஒன்றோ வரும். வகுப்பில் மனப்பாடம் செய்த நூற்பா கட்டத்துக்குள் பென்சிலோடு வந்து நிற்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருகிறது. தங்கள் தந்தையாருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருக்காது.

எழுத்து எண்ணும் வேலையைக் கணினியிடம் விடாதீர்கள். ஒருங்குறியில் 'ம்' என்பது மகரமும் புள்ளியுமாக இரண்டு குறிகள், 'கை'யும் அப்படியே. அடைப்புக்குறிக்குள் போடும் எண்ணை விரல் விட்டு எண்ணிவிடுவதே நல்லது.

ஒளித்துவைப்பதில் 'பணமலையாய்' கூட எனக்கு நிறைவு தரவில்லை. சொல்லின் இரண்டு ஓரங்களும் உயிர்மெய்யின் எல்லையிலேயே வெட்டுப்பட வேண்டும். ஒருமுறை 'அம்மு தலைப்பின்னலுக்குள் பதுங்கிய நீர்வாழ் விலங்கு (3)' என்று எழுதினேன். அம்முவின் 'மு'வும் அடுத்த சொல்லின் 'தலை'யும் உடையாமல் சேர்ந்து நிற்கின்றன. இப்படிப்பட்ட தொடர்கள் கிடைக்க நாளாகும்; பேருந்துப் பலகைகளையும் கடைப் பெயர்களையும் சேர்த்துச் சேர்த்துப் படித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

பதில்: மயிலைக் கட்டம்

பேராசிரியரின் விளக்கத்தைப் படித்த பிறகு பூவரசு குறித்த என் கருத்தைப் பாதி திரும்பப் பெறுகிறேன். சேர்க்கும் குறிப்பில் புணர்ச்சி இயல்பாக நடக்கலாம் என்பதை ஏற்கிறேன். திருவேகம்பத்தைக் கண்ட பிறகு மறுப்பதற்கு இடமில்லை. ஆனால் மீதிப் பாதியில் உறுதியாக நிற்கிறேன்: தையல் உள்ள இடத்தில் வெட்டக் கூடாது. கட்டம் அமைப்பவருடைய முதலைக் குறிப்பைப் படித்த பிறகு இரவெல்லாம் தேடி, நானும் தமிழில் முதன்முறையாக ஒன்று எழுதினேன்.

'நாக்கும் அது குடியிருக்கும் இடமும் கடலில் மிதக்கும் (3)'

ஐம்பது ஆண்டுகளாக ஆங்கிலத்தில் இதைப் போட்டுக்கொண்டிருந்தவனுக்கு, 'நாவாய்' என்ற சொல் இத்தனை நாளும் இப்படி வாயைத் திறந்துகொண்டு நின்றது கண்ணில் படவில்லை.

மறுமொழி: திருவரங்கத்து வாசகி

இன்று காலை நாள்காட்டித் தாளில் நகரத்தைத் திருத்தி, 'நகரம் குழம்பிப்போனால்' என்று எழுதி வைத்தேன். அப்பா படித்துவிட்டு, ஓரத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு சரி போட்டார். விடைத்தாள் திருத்துவது போலவே. நாவாயை அவர் கண்டுபிடிக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆயிற்று. மயிலைப் பெரியவருக்குத் தம் வணக்கத்தைத் தெரிவிக்கச் சொன்னார்.

கட்டம் இன்னும் முடியவில்லை. இரண்டு சொற்களை இறுதி மகரத்தில் சந்திக்கவைத்துவிட்டேன்; மூன்றாவது அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அமையும் என்று நம்புகிறேன்.

நான் அலுவலகம் புறப்படும் நேரத்தில் அப்பா நேற்றைய தாளைத் திருப்பி என் கையில் கொடுத்தார். பின்புறத்தில் அவருடைய கையெழுத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. அக்கரச்சுதகத்தைப் படித்த பிறகு எழுதியதாம். பேருந்து பாலத்தின் நடுவில் இருக்கும்போதுதான் எனக்கு விடை கிடைத்தது. அதை இங்கே சொல்லவேண்டாம் என்பது அவருடைய கட்டளை:

'தலைபோகிற கவலை, மீனவருக்குச் சோறு போடுவது (2)'